ஆறடி ஆள், ஒரு அங்குலம்

ஞாயிற்றுக்கிழமை என்பது கறி வாங்கி, பைக் துடைத்து, மத்தியானம் தூங்கி எழுந்திருப்பதற்காக ஏற்பட்ட நாள். அன்றைக்குப் போய் டைனிங் டேபிளில் பழைய பேப்பரை விரித்து, உப்புத்தாளும் பிளேடுமாக உட்கார்ந்திருப்பவனைப் பற்றி வீட்டில் என்ன அபிப்பிராயம் இருக்கும்? “அப்பா பொம்மை செய்றார், தொந்தரவு பண்ணாதே” என்று என் மனைவி மகனிடம் சொல்கிற தொனியிலேயே தெரிந்துவிடும்.

பொம்மை இல்லை சார், ஸ்கேல் மாடல். நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு. அதாவது ஆறடி ஆள் ஒரே ஒரு அங்குலம்! பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போய்விட்டது. எதைப் பார்த்தாலும் 72-ஆல் வகுக்கத் தோன்றுகிறது. எங்கள் மேனேஜர் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. ரிவ்யூ மீட்டிங்கில் பயம் போக நல்ல வழி. நீங்களும் முயற்சி செய்யலாம்.

நான் இந்த வருஷம் செய்தது நாட் என்ற போர் விமானம். நாட் என்றால் கொசு மாதிரி ஒரு பூச்சி. பெயருக்கேற்ற சைஸ்தான். நீளம் ஒன்பது மீட்டர்கூடக் கிடையாது. மாடலில் 12 சென்டிமீட்டர், என் சட்டைப் பையில் வைத்தால் வால் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். 1950-களில் போர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் எடையும் விலையும் ஏறிக்கொண்டே போக, ‘எதுக்கு இவ்வளவு?’ என்று கேட்டு பெட்டர் என்ற ஆங்கிலேயே டிசைனர் சின்னதாக ஒன்று வரைந்தார். 1955-ல் அது பறந்தது. பிரிட்டிஷ் விமானப் படை சண்டைக்கு அதை எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு சீட் வைத்துப் பயிற்சிக்கு மட்டும் வாங்கியது. ஒற்றை சீட் நாட்டை நம்பி வாங்கி, லைசென்ஸ் எடுத்து பெங்களூரிலேயே கட்டியவர்கள் நாம்தான். 1965-லும் 1971-லும் தன்னைவிடப் பெரிய சேபர் விமானங்களோடு அது மோதிய மோதலில் ‘சேபர் ஸ்லேயர்’ என்று பட்டப்பெயரே வந்தது. குறையும் உண்டு. சண்டை நடுவில் பீரங்கி ஜாம் ஆகும், வால் பக்கத்துக் கன்ட்ரோல் மக்கர் பண்ணும்.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததற்கு முன்பே மாமா சொல்லிக் கேட்டது. அம்மாவின் அண்ணன். 1966-ல் ஹெச்.ஏ.எல்.லில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். அல்சூரில் வீடு. லீவுக்குப் போனால் ரிவெட் அடித்த கதையாகச் சொல்லுவார். நாங்கள் பசங்க எல்லோரும் டி.வி. பக்கம் நழுவிவிடுவோம்.

அதில் ஒரு கதை மட்டும் நழுவ விடாது. 1971 டிசம்பர் 14. ஸ்ரீநகர் விமான தளத்தின் மேல் ஆறு சேபர்கள் குண்டு போட்டுக்கொண்டிருக்க, அந்தப் புகைக்குள்ளேயே ஒரு நாட்டைக் கிளப்பிக்கொண்டு போனார் நிர்மல்ஜித் சிங் சேகோன். திரும்பி வரவில்லை. பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். விமானப் படையில் அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். கதையை முடித்துவிட்டு மாமா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். “அந்த ப்ளேன்ல என் கை பட்டிருக்குமாடா?” எத்தனையோ வருஷமாக இதே கேள்வி. யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கிளாகோமாவில் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அதனால்தான் இந்த மாடல். பார்க்க முடியாது, தொடலாம் இல்லையா?

செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய பெட்டி கிடைத்தது. பிரித்தால் உடம்பெல்லாம் வேர்க்குரு மாதிரி ரிவெட் புள்ளிகள். அந்தக் காலத்து மாடல்கள் அப்படித்தான். கை தடவிப் பார்க்கிறவருக்கு இதுதானே நல்லது என்று போனில் சொன்னேன். மாமாவுக்கு வந்ததே கோபம்! “ஜெட்ல ரிவெட் தலை கைக்குத் தட்டுப்படவே கூடாதுடா. தட்டுச்சுன்னா இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிடுவார். தேச்சு எடு!”

மூன்று ஞாயிறு தேய்த்தேன். தண்ணீர் தொட்டு, 400 நம்பர் தாள், அப்புறம் 800, அப்புறம் 1200. சில்வர் பெயின்ட் ஒரு துரோகி. வேறு கலர் என்றால் கீறலை மூடிவிடும், இது ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுக்கும். காக்பிட் கண்ணாடியை ஒட்ட ஃபெவிகால்தான் உசிதம். ஃபெவிக்விக் பட்டால் ஆவி படிந்து வெள்ளையாகிவிடும். பைலட் சீட்டுக்கு பெல்ட், மருந்துக் கடை பிளாஸ்திரியில் நூல் மாதிரி வெட்டியது. காவி, வெள்ளை, பச்சை வட்டங்களை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து இறக்கையில் வழுக்கி இறக்கும்போது மூச்சு விடக்கூடாது.

வால் எண் என்ன போடலாம் என்று மாமாவைக் கேட்டேன். மாடல் செய்கிற ஆசாமிகள் இதில் மகா கறார். “நம்பர் வேணாம்” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவரிடம் சொல்லாமல் செய்தேன். நாட்டுக்குத் தனி ஏர்பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சக்கரங்களைப் பாதி இறக்குவார்கள், அந்தக் கதவுகளே காற்றைத் தடுக்கும். பெட்டியில் சக்கரம் முழுசாக உள்ளே, இல்லாவிட்டால் முழுசாக வெளியே, இரண்டே வழிதான். கால்களை அறுத்து, குட்டையாக்கி, கதவுகளைச் சாய்த்து, ஸ்டாண்டில் பறக்கிற மாதிரி வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும், ஆபீஸ் நண்பர்கள் உள்பட, “சக்கரம் மாட்டிக்கிச்சு போலிருக்கே?” என்றார்கள்.

போன மாதம் பெங்களூருக்கு, வழி நெடுக மடியில் வைத்தபடி, கொண்டுபோனேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மூக்கு, காற்று போகும் துவாரம், பீரங்கி முனை, இறக்கை... விரல் மெள்ள ஊர்ந்து அடிப்பக்கம் போய் நின்றது.

“பாதியில நிக்குதே... பிரேக் போட்டிருக்கானா?”

“ஆமா மாமா.”

சற்று நேரம் பேசவில்லை. விரல் மட்டும் அந்தக் கதவிலேயே இருந்தது. அப்புறம் தொண்டையைச் செருமினார். “ரெண்டு நூல் சாய்வு பத்தலை.”

நிஜ விமானத்தில் இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். 72-ஆல் வகுத்துப் பார்த்தேன். ஒரு தலைமுடி கனம்.

“அத்தை, வீட்ல உப்புத்தாள் இருக்கா?” என்றேன்.