புல்லும் ஒரு பயிர்தான்

ஊரில் முற்றத்தில் புல் முளைத்தால் அது ஆளில்லாத வீடு என்பார்கள். விடிய எழும்பிக் கூட்டி, சாணித் தண்ணீர் தெளித்து, ஒரு புல்லுமில்லாமல் வைத்திருப்பதுதான் எங்கள் வீடுகளின் இலட்சணம். கனடாவில் கதை தலைகீழ். இங்கே வெறும் மண் கிடந்தால்தான் வீட்டைக் கவனிக்க ஆளில்லை என்று அயலவர் நினைக்கிறார்கள்.

ரொறன்ரோவுக்கு வடக்கே நாங்கள் வாங்கிய புதுவீட்டின் பின்வளவு றோட்டுப் போல இறுகிக் கிடந்தது. வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்து விடுகிறார்கள். பிறகு பாரமான வாகனங்கள் ஓடியோடி அடியிலுள்ள களிமண்ணும் கல்லாகி விடுகிறது. அதன்மேல் விதையைத் தூவிப் பயனில்லை. தண்ணீர் இறங்காது, காற்றுப் போகாது, வேரும் ஓடாது.

ஆகவே முதல் வேலை மண்ணை இளக்குவதுதான். ஈரத்தில் கொத்தினால் கட்டிபட்டு இன்னும் இறுகும். ஒரு பிடி மண்ணை அமத்திப் பிடித்து விரலால் தட்டினால் உதிரவேண்டும், அதுதான் பதம். 15 சென்ரிமீற்றர் ஆழம் கொத்தி, 5 சென்ரிமீற்றர் கனத்துக்கு உக்கிய பசளை பரப்பிக் கலந்தோம். களிக்கு மணல் போடச் சொல்வோரும் உண்டு. கொஞ்ச மணல் களியோடு சேர்ந்தால் சீமெந்து போலாகிவிடும், பசளையே நல்லது.

விதைக்க உகந்த காலம் ஓகஸ்ட் நடுப்பகுதி தொடக்கம் செப்ரெம்பர் நடுப்பகுதி வரை. மண்ணில் சூடு இருக்கும், இரவு குளிரும், களையும் குறைவு. விதையை மண்ணோடு மெல்ல வாரிவிட்டு, மேற்பரப்பு காயாமல் நாளுக்கு இரண்டு மூன்று தரம் பூவாளியால் தெளிக்கவேண்டும். ரைப் புல் 5 முதல் 10 நாளில் முளைக்கும். கென்ரக்கி புளூகிராஸ் இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். முளைக்கவில்லையென்று இடையில் கிண்டக்கூடாது.

தண்ணீர் தெளித்தது அம்மாதான். அவர் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டவர். காணி விடுபட்ட பின் உறவினர் ஒருவர் அனுப்பிய படத்தில் எங்கள் முற்றம் முழுவதும் புல்லும் பற்றையும். அதைப் பார்த்து அன்று முழுவதும் அவர் பேசவில்லை. இங்கே எட்டாம் நாள் பச்சை தெரிந்தபோது என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அது ஆளில்லாமல் முளைச்ச புல்லு. இது நாங்கள் இருக்கிறதால முளைச்சது" என்றார்.

புல் 8 சென்ரிமீற்றர் வளர்ந்ததும் முதல் வெட்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவேண்டாம். 2009 தொடக்கம் ஒன்ராறியோவில் வீட்டு வளவுகளுக்கு அழகுக்காக இரசாயனக் களைகொல்லி அடிக்கத் தடையுண்டு. கையால் பிடுங்குவது எங்களுக்குப் புதிதல்லவே.

புதிதாக வீடு வாங்கியவர்கள் கொத்துவதற்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டியதில்லை. நாலு சிநேகிதரைக் கூப்பிட்டுச் சமைத்துப் போடுங்கள். ஒரு சனிக்கிழமையில் முடியும்.