ஹெட்டு வெடித்த டொல்பின்

ஹட்டனில் வேன் வேலை பார்க்கும் கராஜ்களுக்கு வாரம் தொடங்குவது வெள்ளிக்கிழமை பின்னேரம். மற்ற நாட்களில் அந்த வண்டிகள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப்போய் இறக்க வேண்டும். ஒரு நாள் நின்றால் வீடு வீடாகத் திட்டு. இரண்டு நாள் நின்றால் பிள்ளைகள் வேறு வேனுக்கு மாறிவிடுவார்கள். அதனால் கடைசிப் பிள்ளையை லயத்து வாசலில் இறக்கிவிட்டு நேரே கராஜுக்கு வருகிற வண்டி, திங்கள் விடிவதற்குள் வெளியே போயாக வேண்டும். நடுவில் ஒரு கல்யாண ஹயர் வந்துவிட்டால் அந்த அவகாசமும் பாதியாகிவிடும்.

டிக்கோயா பக்கம் போகும் வீதியோரத்தில், தகரக் கூரை போட்ட அப்படியொரு கராஜுக்குப் போயிருந்தேன். உள்ளே நின்றது டொயோட்டா ஹயேஸ். 1989-இல் ஜப்பானில் வெளிவந்த இந்த உருண்டை மூக்கு வண்டியை இலங்கை முழுக்க டொல்பின் என்றுதான் சொல்கிறார்கள். முன்சீட்டைத் தூக்கி மடித்திருந்தார்கள். இந்த வேன்களில் இன்ஜின் இருப்பது சீட்டுக்கு அடியில். மேலிருந்து குனிந்தோ, கீழே படுத்தோதான் வேலை செய்ய முடியும். நிமிர்ந்து நின்று செய்கிற வேலை என்று எதுவுமே இல்லை. இருபது வருசமாக இதைச் செய்கிற மெக்கானிக் பாஸுக்கு முதுகு வலி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

வண்டிக்காரர் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவர். மனைவி குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் வாங்கிய வேன். அவருடைய முறைப்பாடு ஒன்றே ஒன்று: "மேடு ஏறினா கொதிக்குது பாஸ். இறங்கினா சரியாப் போவுது."

பாஸ் சாவியைக்கூட வாங்கவில்லை. முதலில் ரேடியேட்டர் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்தார். வண்டி நின்று நன்றாக ஆறியிருந்தும் ஹோஸ் விறைப்பாக இருந்தது. பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். வாயருகே தண்ணீரில் குமிழிகள் வந்தன. சிறிது நேரத்தில் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தன.

"ஹெட்டு வெடிச்சிருக்கு அண்ணே. இல்லாட்டி காஸ்கட் போயிருக்கு. கழட்டினாத்தான் தெரியும்."

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சே?"

"நேத்து வெடிக்கல. தண்ணி குறைஞ்சு, ஊத்தி ஊத்தி ஓடினீங்களே, அன்னைக்கே வெடிச்சது."

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலை இரவு வரை நீண்டது. இன்ஜின் 2எல். அளவு 2,446 சீசீ, நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. கழற்றிய ஹெட்டைத் துணியால் துடைத்து லைட்டுக்குக் கீழே பிடித்தார் பாஸ். உள்ளே வரும் காற்றுக்கு ஒரு வால்வு, வெளியே போகும் புகைக்கு ஒரு வால்வு, இரண்டுக்கும் நடுவில் விரல் அகலம்கூட இல்லாத ஒரு பாலம். அந்த இடத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு. அவர் காட்டாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. ஒரு பக்கம் குளிர்ந்த காற்றும் மறுபக்கம் நெருப்பும் படுகிற இடம் அது. தண்ணீர் சுற்றி வந்து சூட்டை எடுக்காத நாளில் அந்தப் பாலம்தான் முதலில் பிளக்கும்.

சூட்டை எடுக்கும் தண்ணீர் விசயத்தில் மலைநாடு பொல்லாத இடம். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் வேலையே உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து அந்தக் கொதிநிலையை 110 பாகைக்கு மேல் தள்ளுவதுதான். மூடியின் ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் போய்விடும். கீழ்நாட்டுச் சமதரையில் இது பெரிய குறையாகத் தெரியாது. கினிகத்தேனையிலிருந்து வட்டவளை ஏற்றத்தில், முழு வண்டிச் சனத்தோடு, இரண்டாம் கியரில் வரும்போது தெரியும். வண்டியிலுள்ள சாமான்களிலேயே மலிவானது அந்த மூடி. விலையுயர்ந்த ஹெட்டைத் தின்பதும் அதுவே.

ரேடியேட்டரைக் கவிழ்த்தபோது வெளியே வந்தது செங்கட்டியைக் கரைத்த மாதிரி ஒரு குழம்பு. "பீலித் தண்ணிதானே ஊத்தினீங்க?" என்றார் பாஸ். வண்டிக்காரர் சிரித்து மழுப்பினார். தோட்டத்துப் பீலியில் வருவது குடிக்க அருமையான தண்ணீர். இன்ஜின் பிளாக்கோ இரும்பு. துருவைத் தடுக்கும் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரை வருசக்கணக்காக ஊற்றினால் துரு கரைந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். இதற்கு மேல் யாரோ ஒரு புத்திசாலி தேர்மோஸ்டட்டையும் கழற்றி எறிந்திருந்தார். அது இல்லாவிட்டால் தண்ணீர் தடையின்றி ஓடி இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. இந்த இன்ஜினில் நடப்பது நேர்மாறு. சூடு ஏறியதும் ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழியை அடைப்பதும் அதே தேர்மோஸ்டட்தான். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே சுற்றிக்கொண்டிருக்கும். பாஸ் இதை விளக்கியபோது வண்டிக்காரர் தலையாட்டினார். நம்பினாரா என்று சொல்ல முடியாது.

வெடிப்பை வெல்டிங் வைத்து ஒட்டித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள். பாஸ் அந்த வேலையைக் கையில் எடுப்பதில்லை. கொழும்புக்குள் ஓடுகிற வண்டியென்றால் பார்க்கலாம், மலையேறுகிற வண்டிக்கு அது நிற்காது என்பது அவர் கட்சி. மிச்சம் இருப்பது பஞ்சிகாவத்தை. கொழும்பின் அந்தப் பழைய உதிரிச்சாமான் சந்தைக்கு இரவே போன் பேசி, பாவித்த ஜப்பான் ஹெட் ஒன்றைப் பேசி முடித்தார். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அப்படியே பூட்டிவிடவும் முடியாது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவ வேண்டும். வெந்நீரில் போட்டுக் காற்றடித்து, அதிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் டைமிங் பெல்ட்டையும் மாற்றச் சொன்னார். 1,00,000 கிலோமீற்றர் ஓடியதும் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு லைட் எரிந்து பெல்ட்டை மாற்றச் சொல்லும். இங்கே அந்த லைட்டை நம்பி இருப்பவர் யாரும் இல்லை. மீற்றரை எங்கே யார் எத்தனை முறை பின்னால் திருப்பினார்கள் என்று கேட்டால் பாஸுக்கே சிரிப்பு வருகிறது.

இவ்வளவு பழைய வண்டியை ஏன் கட்டி அழ வேண்டும் என்று கேட்பது சுலபம். 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பான் வேன்கள் இலங்கைக்குள் அலையலையாக வந்தன. ஜப்பானிலோ டீசல் புகைக்கு எதிராகச் சட்டம் இறுகிக்கொண்டிருந்தது. டோக்கியோ ஆளுநர் ஷின்டாரோ இஷிஹாரா 1999-இல் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் டீசல் கரியை எடுத்துவந்து பத்திரிகையாளர் முன்னால் குலுக்கிக் காட்டினார். 2003 அக்டோபரிலிருந்து அளவை மீறிய டீசல் லொறிகளும் பஸ்களும் அந்த நகரத்துக்குள் ஓட முடியாமற்போனது. அதே காலத்து டீசல் இன்ஜின்களுக்கு நம் மலைகளில் இன்னும் ஆயுசு இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் அந்த ஆயுசு இன்னும் நீண்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தாலும் வரியைக் கட்டி எட்டிப்பிடிக்கிற விலையில் எதுவும் வரவில்லை. இந்த வேனுக்கு மாசக்கூலி கட்டுகிற பெற்றோரின் தோட்ட நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபாவுக்கும், 2024-இல் 1,350 ரூபாவுக்கும் வந்தது. கொழும்பில் சிலர் டொல்பினைப் பழைய கால அழகு என்று மெருகேற்றி வைத்துக்கொள்கிறார்கள். இங்கே அதற்கெல்லாம் நேரமில்லை.

அந்த ஜப்பான் போத்தலில் இருந்த கரி இங்கும் வருகிறது. அதற்கொரு மலைநாட்டுக் காரணமும் உண்டு. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத இன்ஜின் இழுக்கிற காற்றும் அந்தளவுக்குக் குறையும். பழைய டீசல் பம்புக்கு இது தெரியாது, கீழ்நாட்டுக் கணக்கிலேயே டீசலைத் தள்ளும். எரியாத மிச்சம் கறுப்புப் புகையாக வெளியேறும். வருசத்துக்கு ஒருமுறை புகைச் சான்றிதழ் எடுக்காமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பலர் செய்வது என்னவென்றால், டெஸ்டுக்கு முன் பம்பிலுள்ள டீசல் ஸ்குரூவைக் குறைப்பது, சான்றிதழ் கைக்கு வந்ததும் பழையபடி கூட்டுவது. பாஸும் இதைச் செய்து கொடுத்திருக்கிறார், மறைக்கவில்லை. "குறைச்சபடியே ஓடுங்கன்னு சொல்லுவேன் சேர். கேக்க மாட்டாங்க. இழுவை இல்லேம்பாங்க." இந்த இடத்தில் எனக்கு வண்டிக்காரர்கள் மேல் இரக்கம் வரவில்லை. இழுவை கொஞ்சம் குறைந்தால் ஐந்து நிமிசம் தாமதம். கூடினால் அந்தப் புகை போவது பின்னால் நடந்துவரும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்.

பம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் எரிபொருள் தட்டுப்பாட்டு வருசமான 2022-ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த வருச ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா. மண்ணெண்ணெய் 87 ரூபா. பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தது, வேனுக்கு வாரம் 20 லீற்றர். பிள்ளைகளை ஏற்றி இறக்க அது எந்த மூலைக்கு? மண்ணெண்ணெய் கலந்தார்கள். இந்தச் சுழல் பம்புக்குள் தேய்மானத்தைத் தடுக்கத் தனியாக ஒயில் ஊற்றுவதில்லை. உள்ளே ஓடுகிற டீசலின் வழுவழுப்புத்தான் அதற்கு ஒயில். மண்ணெண்ணெயில் அது போதாது. அந்த ஒகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாவானதும் கலப்படம் அடங்கியது. பம்புகள் வந்து குவிந்தது அதற்குப் பிறகு என்கிறார் பாஸ். நொசல்களைக் கையால் அடித்துப் பார்க்கும் டெஸ்டர் ஒன்று அவரிடம் இருக்கிறது. நல்ல நொசல் பனிமூட்டம்போலத் தூவும், கெட்டது சொட்டும். வேலை பழகும் பையன் விரலை அருகே கொண்டுபோனபோது மட்டும் பாஸ் உரக்கச் சத்தம் போட்டார். சதுர சென்டிமீற்றருக்கு 100 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். போனால் விரலை எடுக்க வேண்டியும் வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார்கள். ஷெக்கிள் புஷ் எல்லாம் பிய்ந்திருந்தன. அது தோட்டத்து ரோட்டின் வேலை. அந்த ரோட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்பது பெரிய கதை. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், அதன் 33-ஆம் பிரிவால், தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கக் குறுக்கே நின்றது. 1992-இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. கொழுந்து லொறி போகிற அளவுக்கு ரோட்டு இருந்தால் கம்பனிக்குப் போதும். சட்டம் திருத்தப்பட்டது 2018-இல். லயத்துக்குப் போகும் பாதையில் இன்னும் கருங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வருசம் தவறாமல் புஷ் மாற்றுகிற செலவை ரோட்டு வரியாகத்தான் எழுத வேண்டும்.

புஷ்ஷை மாற்றுகிற கையோடு ஒல்டனேட்டரின் பின்பக்கத்தையும் பாஸ் தடவிப் பார்த்தார். அங்கே சின்னதாக ஒரு வெற்றிடப் பம்ப் இருக்கிறது. டீசல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு உதவுவது அதுதான். இன்ஜின் சுற்றினால் அது சுற்றும், நின்றால் நிற்கும். எண்ணெய்க்குத் தவித்த அந்த மாதங்களில் சிலர் இறக்கத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டினார்கள். இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பூஸ்டரில் இருந்தது தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். வண்டிக்காரரிடம் பாஸ் இதைச் சொன்ன தொனி வேறு மாதிரி இருந்தது. 2023 ஜனவரி 20 இரவு நானுஓயா ரதல்லைக் குறுக்கு வீதி இறக்கத்தில் ஒரு பஸ் கட்டுப்பாடிழந்து ஒரு வேனிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் செத்ததை இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வேனில் வந்தவர்கள். "ஏறின கியரிலயே இறங்குங்க. பிரேக் கடைசிக்கு."

ஞாயிறு இரவு பில் எழுதும் நேரத்தில் வாக்குவாதம் தொடங்கியது. காசைப் பற்றியல்ல. அது நோட்டில் மூன்று மாதத் தவணையாக ஏறிவிட்டது, பெற்றோர் கட்டக் கட்ட இவரும் கட்டுவார். இதைக் கொடுத்துவிட்டு வேறு வேன் எடுக்கலாமா என்பதுதான் பேச்சு. பாஸ் தன் காசில் எடுப்பதென்றால் பழைய நிசான் கரவன், டீடி27 இன்ஜின் போட்டது. டைமிங் பெல்ட்டே கிடையாது, எல்லாம் பல்சக்கரம், அறுகிற பேச்சே இல்லை.

"அப்ப அதையே எடுக்கவா பாஸ்?"

"எடுங்க. ஆனா அதுக்கு ஒரு சாமான் போச்சுன்னா ஹட்டன்ல தேடித் திரியணும். டொல்பினுக்குக் கடைக்குக் கடை தொங்குது."

"திங்கட்கிழமை பிள்ளைகள ஏத்தணுமே."

"அப்பன்னா இதுதான். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிட்டு வாங்க, ஹெட் போல்ட்ட இன்னொரு தடவ இறுக்கணும்."

வண்டிக்காரர் சரி என்றார். வண்டி வெளியே போனதும் பாஸ் அந்தத் திகதியைத் தன் போனில் குறித்துக்கொண்டார். அவர்கள் தாமாக வருவதில்லையாம், இவர்தான் கூப்பிட வேண்டுமாம்.