அழித்த வரி

“டீச்சர், இன்னிக்கு எல்சிடி உண்டா?”

வகுப்புக்குள் கால் வைக்கும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும். திரையில் படம் காட்டும் கருவிக்கு எங்கள் பள்ளிகளில் எல்சிடி என்றுதான் பெயர். உண்டு என்றால் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு முன்னால் வருவார்கள். இல்லை என்றால் பாடநூலை எடுப்பார்கள். அந்த நாற்காலிச் சத்தத்தை நம்பியே பல ஆண்டுகள் பாடம் தயாரித்தேன்.

நான் குடியிருப்பது அம்பாங்கானில். சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் சாலையில் இருக்கிறது. வேலை பார்ப்பது அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில். பெயரில் மட்டும்தான் இன்று தோட்டம் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் செம்பனை, இந்தப் பக்கம் தாமான் வீடுகள். மாணவர் எண்ணிக்கை 150ஐத் தொடாததால் குறைந்த மாணவர் பள்ளி என்ற கணக்கில் வருகிறோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துத் தர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்ன காலத்தின் வழிவந்த பள்ளிகள் இவை. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார். என் அப்பா அப்படியொரு கொட்டகையில் ஆறாம் வகுப்பு வரை படித்துவிட்டு, பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனவர். அவர் மகள் கணினியில் பாடம் நடத்துகிறாள் என்பதில் அவருக்கு இருந்த பெருமை, எனக்கும் அந்தக் கருவிகள் மேல் ஒரு பக்தியை உண்டாக்கியிருந்தது.

முதலில் படவில்லைகள். பீடிகைக்கு ஒரு காணொலி, ஒவ்வொரு படிநிலைக்கும் வண்ண வண்ணமாய்ப் பத்துப் படவில்லை, முடிவுக்கு ஒரு பாட்டு. இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து செய்வேன். ஒரு நாள் இரண்டாம் ஆண்டுக்குக் குறில் நெடில் பாடம். திரையில் ‘வீடு’ என்று போட்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து “விடு” என்று வாசித்தாள். மறுபடி வாசிக்கச் சொன்னேன். “விடு.” முன்வரிசை சிரித்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பள்ளி முடிந்த பிறகு எல்சிடியை மறுபடி போட்டு, அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் ‘விடு’ என்றுதான் தெரிந்தது. வி-க்கும் வீ-க்கும் உள்ள வேறுபாடு தலையில் ஒரு சிறு சுழி. நீலப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து வைத்திருந்தேன். சன்னல் வழியாக வெயில் விழுந்ததும் நீலம் சாம்பலாகி, அந்தச் சுழி அதில் கரைந்துபோயிருந்தது. புழுக்கத்தில் சன்னலை மூடவும் முடியாது. குறில் நெடில் பாடத்திலேயே நெடிலைத் தொலைத்துவிட்டு, அவள் கண்ணில் விழுந்ததைச் சரியாக வாசித்த பிள்ளையை நிற்க வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வெள்ளைத் திரையில் கறுத்த தடித்த எழுத்து, ஒரு படவில்லைக்கு மூன்று வரி. பிள்ளைகள் வரும் முன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முறை வாசித்துப் பார்ப்பேன். காற்புள்ளி, மேற்சுழி, ன ண இரண்டும் அங்கிருந்து தெரிந்தால்தான் பாடம். படவில்லை வடிவமைப்பைப் பற்றிச் சொல்லித்தரும் பயிற்சிகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து உருவானவை. நம் எழுத்தின் பொருள் அதன் ஓரங்களில், சுழியிலும் புள்ளியிலும் காலிலும் இருக்கிறது. ஓரம் மங்கினால் சொல்லே மாறிவிடும்.

புதிர்ப்போட்டிச் செயலிகளிலும் இதே கதைதான். ஒரு செயலியில் கேள்விக்கு இத்தனை எழுத்து என்று வரம்பு இருந்தது. கணினி நம் எழுத்தை நாம் எண்ணுவதுபோல் எண்ணுவதில்லை. ‘பள்ளிக்கூடம்’ நமக்கு ஏழு எழுத்து. ஒருங்குறியில் புள்ளியும் கொக்கியும் தனித்தனியாக எண்ணப்பட்டுப் பன்னிரண்டாகிவிடும். கேள்வியைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் அது தந்தி வாசகம் மாதிரி ஆகும். அதன் மேல் இருபது விநாடிக் கடிகாரம் வேறு. சீக்கிரம் தொட்டவனுக்குக் கூடுதல் புள்ளி. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை, கேள்வியை முடிக்கும் முன்பே ஏதாவது ஒரு வண்ணத்தைத் தொட்டுவிடுவாள். திரையில் எனக்குக் கிடைத்த விழுக்காடு அவளுடைய தமிழை அளந்ததா, பதற்றத்தை அளந்ததா? 2015இல் பெங்களூரில் தொடங்கிய குவிஸிஸ் (இப்போது வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது) போன்றவற்றில் கடிகாரத்தையும் தரவரிசையையும் நிறுத்திவைக்க வழி உண்டு. நான் இரண்டையும் நிறுத்திவிட்டேன். ஆரவாரம் குறைந்தது. பிள்ளைகள் கேள்வியை வாய்விட்டு வாசிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

பிறகு 2020 வந்தது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு. அதற்கு முந்தைய ஆண்டின் நடுவிலேயே கல்வி அமைச்சு கூகல் வகுப்பறைக்கு மாறியிருந்தது. ஜூனில் டெலிமா என்ற இணையக் கற்றல் தளம் வந்தது. தளங்களுக்குக் குறைவில்லை, அவற்றைத் திறப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை என்பதுதான் நிலைமை. நாட்டில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று அந்த ஆண்டு அமைச்சின் ஆய்வே சொன்னது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஒரே திறன்பேசி, அதுவும் அப்பாவுடையது. அவர் வேலை முடிந்து வரும்போது மணி ஏழு. அண்ணன், அக்கா முறை முடிந்து சின்னவன் கைக்கு அது வரும்போது ஒன்பதரை. காலை எட்டு மணிக்கு நேரலை வகுப்பு வைத்துக்கொண்டு, “ஏன் வரல?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். “டீச்சர், லைன் இல்ல” என்று புலனத்தில் பதில் வரும். லைன் இல்லை என்று சொல்வது, போன் இல்லை என்று சொல்வதைவிட எளிது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

நேரலையை விட்டுவிட்டேன். பாடத்தை மூன்று நிமிடக் குரல்பதிவாக அனுப்பி, எப்போது முடியுமோ அப்போது செய்யுங்கள் என்றேன். இரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் பதில்கள் வரும். பின்னணியில் தொலைக்காட்சி, அடுப்படிச் சத்தம், தம்பியின் அழுகை. அந்தச் சத்தங்களோடுதான் இந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

பள்ளி திறந்தபின், குரோம்புக்குகளில் நேரடியாகத் தமிழில் தட்டச்சு செய்யப் பழக்கினேன். நம் நாட்டு முத்து நெடுமாறனின் செல்லினம் செயலியில் சிலர் வீட்டிலேயே பழகியிருந்தார்கள். அம்மாவின் பெயரைக்கூட ரோமன் எழுத்தில் அடித்துப் பழகியவர்களே அதிகம். நான் தமிழ் 99 விசைமுறையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளி விழும். ங-வை அடுத்துக் க, ந-வை அடுத்துத் த, ன-வை அடுத்து ற என்று இனமான எழுத்துகள் சேர்ந்தாலும் அப்படித்தான். ‘கன்று’ எழுத வந்த ஒருத்தி ன-வுக்கு அடுத்து ர-வைத் தட்டிவிட்டு, “டீச்சர், புள்ளி விழ மாட்டேங்குது” என்றாள். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, “பெரிய ற போடு” என்றான். விழுந்தது. இன எழுத்துக்கு நான் செய்துவைத்த பதினான்கு படவில்லைகளும் சொல்லாத ஒன்றை அவள் விரல் கண்டுகொண்டது.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்தாம் ஆண்டுக்கு ‘என் தாத்தா’ என்று கட்டுரை கொடுத்திருந்தேன். கூகல் வகுப்பறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. அதிகம் பேசாத ஒரு பையன் எழுதியது அரைப் பக்கம்: ‘என் தாத்தா கடின உழைப்பாளி. அவர் எறும்பு போல் சுறுசுறுப்பானவர். நான் அவரை உயிருக்கு உயிராக நேசிக்கிறேன்.’ பிழை இல்லை. உயிரும் இல்லை. அரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்திருக்கிறான் என்று கோப்பு காட்டியது. விளையாடிக்கொண்டிருந்திருப்பானோ என்று நினைத்துத்தான் அதன் பதிப்பு வரலாற்றைத் திறந்தேன். ஒரு கோப்பில் எப்போது எது எழுதப்பட்டது, எது அழிக்கப்பட்டது என்று அது வைத்திருக்கும். அழித்தவை நடுவில் கோடு விழுந்து தெரியும்.

எட்டேகாலுக்கு எழுதியிருந்தான்: ‘தாத்தா கையில இன்னும் ரப்பர் பால் வாசம் வரும்னு பாட்டி சொல்வாங்க. நான் மோந்து பாத்தேன். வரல.’

எட்டரைக்கு அழித்திருந்தான். எட்டே முக்காலுக்கு மறுபடி எழுதியிருந்தான். ஒன்பதுக்கு மறுபடி அழித்துவிட்டு, அந்த இடத்தில் எறும்பை வைத்திருந்தான்.

அந்தத் திரையின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா வேலையை விட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் சட்டையில் அந்தப் புளித்த வாசம் இருப்பதாக அம்மா சொல்வார். நானும் மோந்து பார்த்திருக்கிறேன்.

மறுநாள் ஓய்வு நேரத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். எழுதியதை அழித்தது எனக்குத் தெரியும் என்று முதலில் சொல்லிவிட்டேன். மறைவாகப் பார்த்ததை மறைத்துவைப்பது சரியில்லை. பயந்துவிட்டான். “நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் அழிச்சே?” என்றேன்.

“அது கட்டுரையில வராது டீச்சர்.”

இதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? என் மடிக்கணினியில் ‘சிறந்த தொடக்கங்கள்’ என்று ஒரு கோப்பு இருந்தது. கதிரவன் செங்கதிர்களைப் பரப்புவதில் தொடங்கிப் பன்னிரண்டு வரி, அடுத்து உவமைத்தொடர்கள், அடுத்து முடிவுரைக்கு ஐந்து வரி. யுபிஎஸ்ஆர் தேர்வுக்காகச் செய்தது. 2021இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். நான் கோப்பை எடுக்கவில்லை. ஆண்டுதோறும் பெரிய எழுத்தில், கடைசி நாற்காலிக்கும் தெரியும்படி, திரையில் போட்டுக்கொண்டிருந்தேன். மொழியணி பிள்ளைகளுக்கு வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் தாத்தாவின் கைக்குப் பதிலாக எறும்பை வைக்கும் அளவுக்கு அதைத் திரையில் பளிச்சென்று வைத்தது நான்தான்.

அந்த வரியைத் திருப்பிப் போடலாமா என்று அவனிடமே கேட்டேன். யோசித்து, “மோந்து எழுத்துத் தமிழா?” என்றான். முகர்ந்து என்று மாற்றலாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மோத்தல் பழைய சொல். திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்திலேயே இருக்கிறது. “வள்ளுவரே எழுதியிருக்கார், நீ எழுதலாம்” என்றேன். அவன் முகம் மாறியதை என்னால் விவரிக்க முடியவில்லை. ‘பார்த்தேன்’, ‘வரவில்லை’ என்று மட்டும் திருத்திக்கொண்டு மோந்துவை அப்படியே வைத்தான்.

அதன்பின் கட்டுரை வகுப்பில் என் படவில்லை ஒன்றே ஒன்று. தலைப்பும் கீழே வெற்றிடமும். பிள்ளைகள் அவரவர் கோப்பில் எழுதுவார்கள். நீங்கள் அழிப்பதும் எனக்குத் தெரியும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அழித்த வரியைப் பற்றித் தனியாகத்தான் பேசுவேன். பிள்ளை சம்மதிக்காமல் எல்சிடியில் போடுவதில்லை. எல்லாக் கோப்பையும் இப்படித் திறந்து பார்க்க நேரம் கிடைக்காது. வாரத்துக்கு மூன்று பேர் என்று வைத்திருக்கிறேன். நோட்டுப் புத்தகக் காலத்தில் அழிப்பான் தேய்த்த தடம் மட்டும் தெரியும், என்ன எழுதியிருந்தான் என்று தெரியாது. இந்தக் கருவிகள் காட்டித்தரும் ஆயிரம் வித்தைகளில் எனக்கு வேண்டியது இந்த ஒன்றுதான்.

அந்தக் கட்டுரைக்கு அடைவுநிலை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ அந்தக் கோப்பைத் திறந்தபோது கடைசியில் ஒரு புது வரி இருந்தது. யாரும் கேட்காதது, மதிப்பெண்ணும் இல்லாதது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு எழுதியிருந்தான். அதில் எதையும் அழித்திருக்கவில்லை.

‘தாத்தாவின் மரம் வெட்டும் கத்தியை மோந்து பார்த்தேன். அதில் வருகிறது.’