மூன்றாம் ஆசனத்தார் கணக்கு

சீட்டென்ற சொல் செவியிற் பட்டவுடனே முகஞ்சுளிக்கும் அன்பர் பலர் உளர். அவர்களை யாம் குறை கூறோம். எம் தந்தையார் தோட்டத்துச் சம்பள நாட்களிற் சீட்டாடி, அன்னையாரின் காதுத் தோட்டையும் அடகுக்கடைக்கு அனுப்பியவர். அவர் மறைந்த பின்னரும் பல்லாண்டு எம் இல்லத்துட் சீட்டுக்கட்டு நுழைந்ததில்லை.

யாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. சனிக்கிழமைதோறும் பாலங் கடந்து, புக்கிட் பாஞ்சாங்கில் அன்னையார் தங்கியிருக்கும் தமக்கையார் வீட்டிற்கு வருவோம். முன்னாளில் ரப்பர் விளைந்த அவ்வூரில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. 2011இல் வண்டியோட்டம் நின்ற இரயில் பாதையில் மக்கள் உலாவுகின்றனர். அங்கே அத்தானும் அண்டை வீட்டார் இருவரும் யாமுமாகப் பிரிட்ஜ் ஆடுவோம். காசு வைப்பதில்லை என வாக்களித்த பின்னரே அன்னையார் இசைந்தார். இசைந்தும், மேசைக்கு முதுகு காட்டியே அமர்வார்.

முந்நூற்று நாலு ஆடிய அன்பர்களுக்கு இவ்வாட்டத்தின் துருப்பும் ஏலமும் புதியனவல்ல. இதன் புள்ளிக் கணக்கை இன்றைய முறைக்கு வித்திடுமாறு 1925இல் ஒரு கப்பற் பயணத்தின்போது திருத்தியவர் அமெரிக்கரான ஹெரால்டு வாண்டர்பில்ட். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூர் ஆடவர் குழு பிரிட்ஜில் தங்கம் வென்றது.

எம்மை மயக்குவது இதன் மூன்றாம் ஆசனம். சீட்டைப் பகிர்ந்தவரே முதலிற் பேசுவார். அவரும் அடுத்தவரும் ‘பாஸ்’ என்று விட்டபின் மூன்றாமவர் முறை வருகிறது. எதிரே அமர்ந்த பங்காளி ஒன்றுங் கேட்கவில்லை. தம் கையும் மெலிவு. எனவே வலிமை நான்காமவரிடம் இருக்கக்கூடும். அவர் தம் பங்காளியோடு படிப்படியாகப் பேசித் தக்க ஏலத்தை அடையுமுன், ஒரே வகைச் சீட்டு நிறைய வைத்திருக்கும் மூன்றாமவர் திடீரென உயர்த்திக் கேட்டு வழியை அடைத்துவிடலாம். முதலாமவர் இவ்வாறு செய்யின் தம் பங்காளியின் வழியையும் அடைத்துவிட நேரும். ஆதலின் அவருக்கு ஏழு சீட்டு வேண்டுமென்பர். மூன்றாமவர்க்கு அவ்வச்சமில்லை, ஆறும் போதும்.

இது சூதன்றோ என யாமும் ஐயுற்றதுண்டு. ஈலி கல்பர்ட்சன் என்பாரின் விதி அவ்வையத்தைத் தீர்த்தது. முன்னரே ஓர் ஆட்டம் வென்றவர் இரண்டு பிடி வரையிலும், வெல்லாதவர் மூன்று பிடி வரையிலும் இழக்கத் துணியலாம். எதிரி ‘டபிள்’ கூறினால் இன்றைய கணக்கில் இவ்விரண்டிற்கும் தண்டம் 500 புள்ளியே. நாள்தோறும் செக்ரோல் எழுதும் எமக்கு இது பழகிய கணக்கு.

ஓரிரவு எதிரிகள் ஓர் ஆட்டம் வென்றிருந்தனர், எமக்கு ஒன்றுமில்லை. சீட்டைப் பகிர்ந்த அத்தான் ‘பாஸ்’ என்றார், அடுத்தவரும் அவ்வாறே. எம் கையில் இராசா, ராணி, ஜாக்கி, பத்து உட்பட ஆறு ஆர்ட்டின். ஐந்து பிடி எம்முடையது; அத்தானிடம் ஒன்று கிடைக்கலாம்; மூன்று போகும். ஒன்பது பிடிகளுக்குரிய ‘மூன்று ஆர்ட்டின்’ கேட்டோம். நான்காமவர் ‘டபிள்’ என்றார். எண்ணியவாறே ஆறு பிடி வந்தது, மூன்று போயிற்று.

“எவ்வளவு தோற்றாய், தம்பி?” என்றார் அன்னையார், திரும்பாமலே.

“500, அம்மா.”

அவர் கை தன்னையறியாமற் காதைத் தொட்டது.

“புள்ளி, அம்மா, வெள்ளியன்று. கேளாதிருந்தால் அவர்கள் நான்கு இஸ்பேடு ஆடி 820 பெற்றிருப்பர்.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “500 போகுமென்று கேட்குமுன்னே தெரியுமா?” என்றார்.

“போகக்கூடுமென்று எண்ணிய பிறகே கேட்டது.”

“உன் அப்பா எண்ணினதே இல்லை,” என்றார்.

அத்தான் சீட்டைக் கலைக்கத் தொடங்கினார். அன்னையார் எழுந்து, தம் நாற்காலியை மேசைப் பக்கமாகத் திருப்பிப் போட்டு அமர்ந்தார்.