டிபன் கேரியரில் ஒரு அடுக்கு காராமணி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் வீட்டில் சாயங்காலம்தான் அடுப்பு மும்முரமாக எரியும். என் கணவருக்கு இருபது வருஷமாக ஒரே கணக்குதான்: மூன்றடுக்கு கேரியரில் இரண்டு அடுக்கு சாதம், ஒரு அடுக்கு குழம்பு, ஓரமாகக் கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவல். "உழைக்கிற உடம்பு, சோறுதானே தெம்பு" என்று அமுக்கி அமுக்கி வைத்தது நான்தான்.

போன வருஷம் கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 6.3 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். என் மாமனார் சர்க்கரையில் ஒரு காலை இழந்தவர். ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்த என் கணவர், அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

"இப்போ மாத்திரை வேண்டாம். சோத்துல பாதியை எடுத்துட்டு, அந்த இடத்துல பயறும் காயும் வைங்கம்மா. தினமும் அரை மணி நேரம் நடக்கட்டும். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

"பயறு வாயுவாச்சே?" என்று வீட்டுக்கு வந்து புலம்பினேன். அத்தை சிரித்தார். பொன்னேரிப் பக்கம் கிராமத்தில் பிறந்தவர். "வரப்பெல்லாம் காராமணி போட்டுத் தின்னு வளர்ந்தவ நான். தை மாசம் வந்தா மொச்சைதான், கருவாட்டுக் குழம்புதான். அரிசி தாராளமா கிடைச்சதும் நீங்கதான் பயறை மறந்துட்டீங்க. ராவெல்லாம் ஊறவை, அந்தத் தண்ணியைக் கொட்டிடு, புதுத் தண்ணியில குழைய வேகவை. இஞ்சியும் பெருங்காயமும் போடு."

அத்தை சொன்னதில் விஷயம் இருக்கிறது. வாயுவை உண்டாக்கும் சிலவகைச் சர்க்கரைகள் ஊறிய தண்ணீரில் ஓரளவு கரைந்துவிடுகின்றன. திடீரென நிறையச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் வயிறும் பழகிவிடும். ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது. அதிலுள்ள நச்சு, நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அழியும்.

100 கிராம் உலர்ந்த பயறில் 20 கிராமுக்கு மேல் புரதம். அதே அளவு அரிசியில் 8 கிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் அதிகம் என்பதால் பயறு மெதுவாகச் செரிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரையும் மெதுவாகவே ஏறுகிறது. 1981-ல் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கனடாவில் கிளைசிமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோலை உருவாக்கியபோதே, சர்க்கரையைக் குறைவாக ஏற்றும் உணவுகளில் பயறு வகைகள் இடம்பிடித்துவிட்டன. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் நிறைய உண்டு. ஆக, சோற்றை ஒதுக்க வேண்டாம். அளவைக் குறைத்துப் பயறோடு சேர்த்தால் போதும்.

கணவருக்குத்தான் கூச்சம். "கேன்டீன்ல சுண்டல் டப்பாவைத் திறந்தா சிரிப்பாங்க" என்றார். முதல் வாரம் பாதியைத் திருப்பியும் கொண்டு வந்தார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்த ஒடிசா பையன், ஊறவைத்த கொண்டைக்கடலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, "எடுத்துக்கோங்க அண்ணா" என்று நீட்டியிருக்கிறான். ஊரில் அவன் அப்பாவுக்கும் காலைச் சாப்பாடு அதுதானாம். அன்றோடு கூச்சம் போயிற்று. இப்போது இருவரும் டப்பா மாற்றிக்கொள்கிறார்கள்.

இப்போது கேரியரில் ஒரு அடுக்கு சாதம், ஒரு அடுக்கு கத்தரிக்காய் போட்ட காராமணிக் குழம்பு, ஒரு அடுக்கு பொரியல். மறுநாள் பச்சைப்பயறு, அடுத்த நாள் கொள்ளு அல்லது மொச்சை. ஆளுக்கு ஒரு கைப்பிடி உலர்ந்த பயறுதான் கணக்கு. உருளைக்கிழங்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

மூன்று மாதத்தில் 6.0, ஆறு மாதத்தில் 5.8. பயறு மட்டுமே இதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். குறைத்த சோறும், ஷிஃப்டுக்கு முன் நடக்கும் நடையும் சேர்ந்துதான். சர்க்கரைக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களும், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே மாற்றுங்கள்.

நேற்று கிளம்பும்போது, "நாளைக்கு கொஞ்சம் கூடவே வைம்மா, அந்தப் பையனுக்கும் சேர்த்து" என்றார். இரண்டு கைப்பிடி காராமணியை இப்போதுதான் ஊறப்போட்டேன்.