சிம்மாசனத்துக்குப் போன மரம்

2009 அக்டோபரில் ஹாங்காங்கில் சோத்பீஸ் நிறுவனம் ஒரு பழைய மர ஆசனத்தை ஏலம் விட்டது. 18ஆம் நூற்றாண்டில் சீனத்தை ஆண்ட சியன்லோங் பேரரசர் காலத்துச் சிம்மாசனம் அது. உடலெங்கும் டிராகன் செதுக்கல். 8 கோடியே 57 லட்சம் ஹாங்காங் டாலருக்கும் மேலே போனது. அதன் மரம் ஸிட்டான். இன்றைய சீனத் தரவிதியில் ஸிட்டான் வகையில் இடம்பெறுவது ஒரே ஒரு மரம்தான், நம் செம்மரம். அது இயற்கையாக வளர்வது ஆந்திராவின் சேஷாசலம் மலையையும் அதை ஒட்டிய மலைகளையும் சேர்ந்த சிறு நிலப்பரப்பில் மட்டுமே.

அந்த மலையின் பக்கத்து ஊர்ச் சிற்பிகள் எந்த மரத்தில் உளி பிடிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் மாதவமாலாவுக்குப் போனேன். ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி போகும் வழியில் உள்ள ஊர். தெருவில் நடந்தாலே கொட்டாப்புளிச் சத்தம் கேட்கிறது. திண்ணையில் பாதி முடிந்த துவாரபாலகர் மல்லாந்து கிடக்கிறார்; பக்கத்தில் வீட்டுப் பூஜை மண்டபத்துக்கான தூண்கள்.

ஒரு பெரியவர் வாசல்நிலைக்குக் கஜலட்சுமி செதுக்கிக்கொண்டிருந்தார். யானையின் துதிக்கை வளையும் இடத்தில் மரத்தின் ரேகை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அங்கே கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டார். உளியைத் திருப்பிப் பிடித்து, உள்ளங்கையால் தள்ளித் தள்ளிச் சீவினார். சில்லு பெயரவில்லை. மகன் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான். மரம் வேம்பு.

“செம்மரத்தில் செய்வதில்லையா?” என்றேன்.

“மரம் மலை மேல இருக்கு சார். ரசீது இல்லாம கையில இருந்தா கேஸு” என்று சிரித்தார், சித்தூர்ப் பக்கத்துத் தமிழில்.

உள்ளே போய் ஒரு மரப்பாச்சி ஜோடியை எடுத்துவந்தார். பழைய செம்மரம், ஏறக்குறையக் கறுத்துவிட்டது. சாண் உயரம்கூட இல்லை. ஆனால் கையில் வைத்தால் கனக்கிறது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரம் அல்லவா! பெண் பொம்மையின் முதுகு மழுங்கியிருந்தது. வீக்கத்துக்குப் பற்றுப் போட, தலைமுறை தலைமுறையாகக் கல்லில் இழைத்திருக்கிறார்கள். ஆனால் புடவைக் கொசுவத்தின் கோடுகள் இன்னும் நகத்தில் தட்டுப்படுகின்றன. உளியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும் மரம், மயிரிழைக் கோட்டையும் விட்டுக்கொடுக்காது. சீன அரண்மனைப் பட்டறைக்கு அதைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

1995 முதல் செம்மரம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பட்டா நிலத்தில் வளர்த்தாலும் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். கடத்தலில் பிடிபட்ட கட்டைகள் திருப்பதி மங்கலம் கிடங்கு போன்ற இடங்களுக்குப் போகின்றன. அங்கே ஏ, பி, சி என்று தரம் பிரித்து, மின்னணு ஏலத்தில் டன் கணக்கில் விற்கிறார்கள். நாலு உளியும் ஒரு திண்ணையும் வைத்திருப்பவர் அந்த ஏலத்தில் எப்படிக் கை தூக்குவார்?

சட்டம் கடுமையாக இருப்பதில் தப்பில்லை. இல்லையென்றால் மலை மொட்டையாகிவிடும். அதன் இன்னொரு முகமும் தெரிந்ததுதான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் செத்தார்கள். கூலிக்குக் கோடாலி பிடிக்கப் போகிறவனுக்கு மரத்தின் விலையில் கிடைப்பது துளி. மரம் கட்டையாகவே கப்பலேறினால் செதுக்குகிறவனுக்கு அந்தத் துளியும் இல்லை.

ஹாங்காங்கில் கொடுத்த விலை வெறும் மரத்துக்கானது அல்ல. அரண்மனையின் பெயருக்கும், முகம் தெரியாத சிற்பிகளின் வேலைக்கும் சேர்த்துக் கொடுத்தது. நாமோ அந்த வேலையைக் கழித்துவிட்டு மரத்தை மட்டும் விற்கிறோம். கிடங்கிலிருக்கும் சின்னத் துண்டுகளை முத்திரை போட்டு, எடை போட்டு, பட்டறைகளுக்குத் தாராளமாகக் கொடுத்தால் காட்டில் ஒரு மரம்கூடக் கூடுதலாக விழ வேண்டியதில்லை. பெரியவர் கேட்பதும் சிம்மாசனத்துக்கான கட்டை அல்ல. “மரப்பாச்சிக்கு ஒரு சாண் மரம் போதும் சார்” என்கிறார்.