ஹபீபுக்காகச் சாய்ந்த தராசு

வீரபாண்டியில் மக்ரிபுக்குப் பின் நம்மிடம் ஓத வரும் மாணவர்களுக்கு, கிரிக்கெட்டை விடவும் எம்.எம்.ஏ. எனப்படும் கூண்டுச் சண்டையின் மீதே இப்போது மோகம் மிகுதி. குத்துச்சண்டையும் மல்யுத்தமும் ஜூடோவும் கலந்த அப்போட்டியில் எக்காலத்துக்கும் பெரிய வீரர் யார் என்பது அவர்களிடையே ஓயாத வழக்கு. ஏறத்தாழ அனைவரும் தாகெஸ்தானின் ஹபீப் நுர்மகமதோவ் பக்கம். ஒருவர் மட்டும் கனடாவின் ஜார்ஜ் செயின்ட் பியரைச் சொன்னார். "நம்மவர் இருக்கும்போது அவரைச் சொல்கிறாயே, உன் ஈமான் எங்கே போயிற்று?" என்று மற்றொருவர் கேட்டுவிட்டார். வீரர்களைப் பற்றிய பேச்சாக இருந்தவரை நாம் குறுக்கிடவில்லை. ஒரு சகோதரனின் ஈமானை எடைபோடும் பேச்சாக அது மாறியபின் வாளாவிருக்க இயலவில்லை.

ஹபீப் நமக்கும் பிரியமானவரே. 29 போட்டிகளில் 29 வெற்றி. வென்றதும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும் நாவு. எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது? ஆனால் 'இவரே பெரியவர்' என்று சொல்வது ஒரு சாட்சியம். நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்கே சாட்சி சொல்ல வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் தரும் கட்டளை. இம்மாணவர்களின் தாய்மார் சிலர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசையில் நிற்பவர்கள். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், தைத்தவர் அண்டை வீட்டுக்காரராயினும் அந்தப் பீஸ் ஒதுக்கப்படும். அந்த உதாரணத்தைச் சொன்னதும் மாணவர்கள் சிரித்தார்கள், விளங்கிவிட்டது.

எனவே எடைபோட்டோம். ஹபீப் தோற்றதே இல்லை, எனினும் யூ.எஃப்.சி. பட்டத்தை மூன்று முறைதான் தக்கவைத்தார். செயின்ட் பியர் இருமுறை தோற்றவர். தம்மை வீழ்த்திய இருவரையும் பின்னர் வென்றவர். தொடர்ந்து ஒன்பது முறை பட்டத்தைக் காத்தார். நான்காண்டுகள் ஒதுங்கியிருந்து 2017இல் திரும்பி வந்து, அதிக எடைப் பிரிவிலும் பட்டம் வென்றார். ஜான் ஜோன்ஸ் என்றொரு பெயரும் வந்தது. 23 வயதிலேயே பட்டம் வென்ற அவரது திறமையை மறுப்பாரில்லை. ஆயினும் 2017இல் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து கண்டறியப்பட்டு, வென்ற போட்டியின் முடிவே ரத்தாயிற்று. அவரை மாணவர்களே ஒதுக்கிவிட்டனர்.

'தோல்வியே காணாதவர் அல்லவா?' என்பதே ஹபீப் அணியின் இறுதி வாதம். நம் பெரியவர்கள் 'மாவீரர்' என்று கொண்டாடிய முஹம்மது அலீ ஐந்து முறை தோற்றவர். 1980 ஜனவரியில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் அவர் காட்சிப் போட்டியில் மோதியபோது திரண்ட கூட்டம் அந்தத் தோல்விகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2018 அக்டோபர் 6 அன்று கானர் மக்ரிகரை வென்ற கையோடு, ஹபீப் கூண்டின் மீதேறிக் குதித்து எதிரணியினரைத் தாக்கப் பாய்ந்தார். அதற்கு முன் மாதக்கணக்கில் அவருடைய தந்தையும் மார்க்கமும் நாடும் இழிவாகப் பேசப்பட்டது உண்மை. ஆனால் பிறரை வீழ்த்துபவன் வலியவன் அல்லன், கோபத்தின்போது தன்னை அடக்குபவனே வலியவன் என்ற பொருளில் அமைந்த நபிமொழி, சீண்டப்படாத மனிதருக்குச் சொல்லப்பட்டதா என்ன? ஒன்பது மாதத் தடையும் ஐந்து லட்சம் டாலர் அபராதமும் கிடைத்தன. அன்றிரவே அவர் வருத்தம் தெரிவித்தார். வீடு திரும்பினால் தந்தை தம்மைத் தண்டிப்பார் என்றும் சொன்னார். அந்த அச்சம் நமக்குப் பிடித்திருந்தது.

(முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதும், ராபிதாவின் ஃபிக்ஹு சபை 1987இல் குத்துச்சண்டை கூடாதென முடிவு செய்ததும் மாணவர்களுக்குத் தனியே பாடமாக நடத்தப்பட்டன. ரசிப்பதற்கும் ஆகுமானது என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். வாப்பாமார்களும்தான்.)

பட்டியலை வைத்துப் பார்த்தால் செயின்ட் பியருக்கே நம் சாட்சியம். எதிர்பார்த்தபடியே மாணவர்கள் முகம் வாடினர். அதன்பின்தான் அப்துல் மனாபைப் பற்றிச் சொன்னோம். ஹபீபின் தந்தையும் பயிற்சியாளருமான அவர் 2020 ஜூலையில் கொரோனா பாதிப்பின் பின்விளைவுகளால் மரணமடைந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று அபுதாபியில் ஜஸ்டின் கேத்ஜியை வென்ற ஹபீப், கையுறைகளைக் களத்தின் நடுவில் கழற்றி வைத்தார். தந்தையின்றி இனிச் சண்டையிடுவதில்லை எனத் தாய்க்கு வாக்களித்ததாகக் கூறினார். அப்போது வயது 32. பட்டம் கையில் இருந்தது. 30 என்று எண்ணிக்கையை நிறைவு செய்யும்படி எவ்வளவோ அழைத்தும் திரும்பவில்லை.

அந்த முப்பதாவது போட்டி எவருடன் நடைபெற வேண்டும் என்று அப்துல் மனாப் முன்பே ஆசைப்பட்டிருந்தார் தெரியுமா என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. ஜார்ஜ் செயின்ட் பியருடன் என்றோம். ஈமானைப் பற்றிக் கேட்ட மாணவர் மெல்லத் திரும்பித் தம் தோழரைப் பார்த்தார்.